கறுப்பு ஒளி வீசும் விளக்கு உண்டா?

தியேட்டரில் படம் தொடங்கும் முன் விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "அப்போதுதான் படம் நன்றாகத் தெரியும்" என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். சரியான பதில்தான். ஆனால் விளக்கு எரிந்தால் ஏன் நன்றாகத் தெரிவதில்லை? புரொஜெக்டரின் ஒளி குறைந்துவிடுகிறதா? இல்லையே! விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் அது அதே அளவு ஒளியைத்தான் திரைக்கு அனுப்புகிறது. அப்படியானால் எது கெட்டுப்போகிறது?

கெட்டுப்போவது கறுப்பு.

தியேட்டர் திரை வெள்ளை நிறம். அதன் மேல் சிவப்பு ஒளியை வீசலாம், பச்சையை வீசலாம், நீலத்தை வீசலாம். மூன்றையும் சேர்த்தால் வெள்ளையும் கிடைக்கும். கறுப்பு ஒளியை வீச முடியுமா? அப்படி ஒரு ஒளியே கிடையாது. கதாநாயகியின் கூந்தல், யானையின் முதுகு, நள்ளிரவு வானம் எல்லாமே திரையில் ஒளி விழாமல் விட்ட இடங்கள். ஒளி விழாத இடத்தில் நாம் பார்ப்பது வெறும் வெள்ளைத் திரையைத்தான்! அரங்கம் இருட்டாக இருப்பதால் அந்த வெள்ளை நமக்குக் கறுப்பாகத் தெரிகிறது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம். ஒளிரும் பரப்பின் பிரகாசத்தை, ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று அளக்கிறார்கள். ஒரு மெழுகுவத்தியின் ஒளிச்செறிவு ஏறக்குறைய ஒரு கேண்டெலா. சினிமாத் திரையில் மிக வெள்ளையான இடம் 48 கேண்டெலா பிரகாசத்தில் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் தியேட்டர்கள் வைத்திருக்கும் அளவு. நல்ல இருட்டு அரங்கில் கறுப்பு இடத்தின் பிரகாசம் ஒரு கேண்டெலாவில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அதாவது வெள்ளை, கறுப்பைவிட ஏறக்குறைய 1000 மடங்கு பிரகாசம். இப்போது அரங்கில் டியூப்லைட்டைப் போடுவோம். அதன் வெளிச்சம் திரையில் பட்டு, திரை முழுவதற்கும் 30 கேண்டெலா கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை 78 ஆகிவிட்டது. கறுப்போ பூஜ்யத்துக்கு அருகில் இருந்தது, ஒரே தாவலில் 30 ஆகிவிட்டது. 78-ஐ 30-ஆல் வகுத்தால் மூன்றுகூட வரவில்லை. ஆயிரம் மடங்கு வித்தியாசம் எங்கே, மூன்று மடங்குக்கும் குறைந்த வித்தியாசம் எங்கே! படம் சோகையாகத் தெரிவது இதனால்தான்.

இதே கணக்கில் இன்னொரு ஆச்சரியமும் இருக்கிறது. உச்சி வெயிலில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் அதன் பிரகாசம் 25,000 கேண்டெலா வரை போகும். சினிமாத் திரையின் வெள்ளை அதைவிட ஏறக்குறைய 500 மடங்கு மங்கல். ஆனாலும் படத்தில் பாலைவனத்தைக் காட்டினால் நமக்குக் கண் கூசுகிறது! கண் ஒளியை அளக்கும் கருவியாக வேலை செய்வதில்லை. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் 'இது வெள்ளை, இது கறுப்பு' என்று மூளைக்குச் சொல்கிறது. ஒளிப்பதிவாளர் செய்யும் எல்லா மாயமும் இந்த ஒப்பிடும் பழக்கத்தை நம்பித்தான் நடக்கிறது.

இருட்டுக்காக நம் ஊரில் பொழுது சாயும்வரை காத்திருந்த காலமும் உண்டு. இங்கே முதன்முதலாக ஊர் ஊராகப் படம் காட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1905-ல் திருச்சிக்கு வந்திருந்த டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கிப் புறப்பட்டார். பிறகு தமிழ்நாடெங்கும் டூரிங் டாக்கீஸ் கொட்டகைகள் வந்தன. உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், அங்கே எத்தனை மணிக்குப் படம் போடுவார்கள் என்று. பொழுது சாய்ந்த பிறகுதான் என்பார்கள். சுற்றிலும் தட்டியும் துணியும்தான் மறைப்பு என்பதால், சூரியன் மறைந்தால்தான் கறுப்பு கறுப்பாகத் தெரியும்.

இருட்டும் ஒளியும் கலந்த திரையைப் பார்க்கும் நம் கண்ணுக்குள் என்ன நடக்கிறது? விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் இருப்பதைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். நல்ல வெளிச்சத்தில் வேலை செய்யும். நிறத்தையும் நுணுக்கமான விவரங்களையும் காட்டும். குச்சி செல்கள் சுமார் 12 கோடி. மங்கிய ஒளியில் வேலை செய்யும். ஆனால் நிறம் தெரியாது, கூர்மையும் போதாது. விழித்திரையின் நட்டநடுவில், நாம் ஒன்றை உற்றுப் பார்க்கும்போது பயன்படும் சிறிய புள்ளியில், குச்சி செல்களே கிடையாது. இன்று இரவு மொட்டை மாடியில் இதைச் சோதிக்கலாம். மிக மங்கலான ஒரு நட்சத்திரத்தை நேராகப் பாருங்கள், மறைந்துவிடும். பார்வையைச் சற்றுப் பக்கத்தில் நகர்த்துங்கள், மறுபடி தெரியும்.

சினிமாவில் வெளிச்சமான காட்சி வரும்போது கூம்பு செல்கள் சுறுசுறுப்பாக இருக்கும். இருட்டுக் காட்சி வந்ததும் அவை திணறும்; குச்சி செல்கள் உதவிக்கு வரும். ஆனால் அவை உடனே வருவதில்லை. குச்சி செல்லில் ரொடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. பலமான வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும். மறுபடி உருவாக வைட்டமின் ஏ தேவை, நேரமும் தேவை. முழுக்கத் தயாராக அரை மணி நேரம்கூட ஆகும். வெயிலிலிருந்து தியேட்டருக்குள் தாமதமாக நுழைகிறவர் இருக்கை தெரியாமல் தடுமாறுவார். முன்பே உட்கார்ந்திருப்பவருக்கோ அவர் தடுமாறுவது நன்றாகத் தெரியும். காரணம் ரொடாப்சின்தான். நல்ல இயக்குநர்களுக்கும் ஒளிப்பதிவாளர்களுக்கும் இது தெரியும். பளீரென்ற காட்சிக்கு அடுத்து மிக இருட்டான காட்சி வந்தால், முதல் சில நொடிகள் பார்ப்பவருக்குச் சரியாகத் தெரியாது. அந்த நொடிகளில் முக்கியமான எதையும் வைக்காமலிருப்பது நல்லது.

படங்களில் இரவு ஏன் எப்போதும் நீலமாக இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? செக் நாட்டு விஞ்ஞானி யான் புர்கின்யே 19-ம் நூற்றாண்டில் ஒன்றைக் கவனித்தார். பகலில் பளிச்சென்று தெரியும் சிவப்புப் பூக்கள் பொழுது மங்கும் நேரத்தில் கறுத்துப் போகின்றன. நீலமும் பச்சையும் அவ்வளவாக மங்குவதில்லை. குச்சி செல்களுக்குச் சிவப்பு ஒளி கிட்டத்தட்டத் தெரியாது. நீலமும் பச்சையும் கலந்த ஒளிதான் அவற்றுக்கு நன்றாகத் தெரியும் என்பதே காரணம். அதனால் இரவு என்றாலே நீலம் என்று நம் மூளைக்குப் பழகிவிட்டது. ஊமைப் படக் காலத்தில் இரவுக் காட்சி வரும் பிலிம் துண்டை நீலச் சாயத்தில் தோய்த்து எடுத்தார்கள்! பிற்காலத்தில் பட்டப்பகலில் படம் பிடித்து, லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைத்து, இரவு என்று காட்டினார்கள். இதை டே ஃபார் நைட் என்பார்கள். பழைய படங்களில் இரவுக் காட்சி வந்தால் தரையைப் பாருங்கள். ஆட்களின் நிழல் கத்திபோல் கூர்மையாக விழுந்திருந்தால், அங்கே காய்வது அநேகமாக நிலா அல்ல, வெயில்!

ஒளி எவ்வளவு என்பதைப் போலவே, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். ஒரு டார்ச்சை மோவாய்க்குக் கீழே பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள். உங்கள் முகமே உங்களைப் பயமுறுத்தும். மனிதர்கள் தோன்றிய நாள் முதல் சூரியன் மேலிருந்துதான் ஒளி தருகிறது. புருவத்துக்குக் கீழே நிழல், மூக்குக்குக் கீழே நிழல் என்றுதான் நாம் முகங்களைப் படிக்கப் பழகியிருக்கிறோம். கீழிருந்து ஒளி வந்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறித் தெரிகிறது. தெரிந்தவரின் முகமே அடையாளம் தெரியாமல் போகிறது. நிலவின் பள்ளங்களைக் காட்டும் புகைப்படம் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால், பள்ளங்கள் குமிழ்களாக எழுந்து நிற்பதைக் காணலாம். பேய்ப் படக்காரர்கள் விளக்கைத் தரையில் வைக்கும் ரகசியம் இதுதான்.

சினிமா ஒளியைப் பற்றிப் பேசும்போது எனக்கு மிகப் பிடித்த மனிதர் சுப்ரதா மித்ரா. இவர் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வங்காளத்தைச் சேர்ந்த மித்ரா சினிமாக் கல்லூரி எதிலும் படித்தவரல்லர். பிரான்ஸின் புகழ்பெற்ற இயக்குநர் ழான் ரெனுவார் 'தி ரிவர்' என்ற படத்தை எடுக்க வங்காளம் வந்திருந்தார். மித்ரா வேலை கேட்டார், கிடைக்கவில்லை. சும்மா நின்று பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. தினமும் போனார். எந்த விளக்கு எங்கே இருந்தது, கேமரா எங்கே நகர்ந்தது என்று படம் வரைந்து குறித்துக்கொண்டே வந்தார். கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் கிளாட் ரெனுவாரே, முன்பு எடுத்த காட்சியில் ஒளி எப்படி இருந்தது என்று சரிபார்க்க, இந்த இளைஞரின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்!

அதன் பிறகு சத்யஜித் ரேயின் முதல் படமான 'பதேர் பாஞ்சாலி'க்கு மித்ராதான் ஒளிப்பதிவாளர். அதற்கு முன் அவர் மூவி கேமராவைக் கையாண்டதே இல்லை. படம் 1955-ல் வந்தது. அடுத்த ஆண்டு வந்த 'அபராஜிதோ'வில் ஒரு சிக்கல். அபு என்ற சிறுவன் தாய் தந்தையோடு காசிக்குக் குடிபோகிறான். காசியின் பழைய வீடுகளில் நடுவே முற்றம் இருக்கும். மேலே திறந்த வானத்திலிருந்து மட்டும் வெளிச்சம் இறங்கும். அந்த வெளிச்சத்தில் கூர்மையான நிழலே விழாது. அந்த வீட்டைத் திறந்த வெளியில் செட்டாகப் போடத்தான் முதலில் திட்டம். மழைக்காலத்துக்குப் பயந்து கல்கத்தாவில் ஸ்டூடியோவுக்குள் போட வேண்டியதாயிற்று. கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா வீட்டைத் தத்ரூபமாகக் கட்டிவிட்டார். ஆனால் வானத்துக்கு எங்கே போவது?

அன்றைய ஸ்டூடியோ விளக்குகளை நேராகப் போட்டால் ஒவ்வொரு ஆளுக்கும் நாலைந்து நிழல்கள் விழும். 'இது செட்' என்று பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். மித்ரா செட்டின் மேலே ஒரு பெரிய வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளை அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். ஒளி துணியில் பட்டுத் தெறித்து, முற்றத்தில் மெல்ல இறங்கியது. வானம் கிடைத்துவிட்டது! படத்தைப் பார்ப்பவர்கள் அந்த வீட்டில் அபுவோடு வாழ்ந்துவிட்டு வருகிறார்கள். செட் என்ற நினைப்பே எழுவதில்லை. 'அபராஜிதோ' 1957-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது.

இதில் உள்ள அறிவியலை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். இருட்டு அறையில் சுவருக்கு முன்னால் ஒரு பென்சிலைப் பிடித்து, ஃபோன் டார்ச்சை அதன் மேல் நேராக அடியுங்கள். நிழல் கோடு போட்டதுபோல் விழும். இப்போது டார்ச்சைப் பென்சிலை விட்டுத் திருப்பி, ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையில் அடியுங்கள். அட்டையிலிருந்து தெறிக்கும் ஒளி பென்சிலில் படட்டும். நிழல் கரைந்து, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போகும். டார்ச்சின் விளக்கு ஒரு புள்ளி. ஒளி ஒரே இடத்திலிருந்து வருவதால் பென்சில் அதை முழுவதும் மறைத்துவிடுகிறது. அட்டையோ பெரியது. அதன் ஒரு மூலையிலிருந்து வரும் ஒளியைப் பென்சில் மறைத்தாலும், மற்ற மூலைகளிலிருந்து வரும் ஒளி அந்த நிழலுக்குள் புகுந்துவிடும். மேகம் மூடிய நாளில் உங்கள் நிழல் மங்கிப்போவதும் இதனால்தான். எங்காவது ஷூட்டிங் நடந்தால் கவனியுங்கள். நடிகரின் முகத்துக்குப் பக்கத்தில் ஒருவர் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

எல்லாம் தெளிவாகத் தெரிந்தால்தான் நல்ல படமா? 1915-ல் இதே கேள்வியால் ஒரு சண்டை வந்தது. அமெரிக்க இயக்குநர் சிசில் பி. டெமில் ஒரு படத்தில் நடிகரின் முகத்தில் பாதிக்கு மட்டும் ஒளி போட்டார். மறுபாதி இருட்டு. படக் கம்பெனியின் பங்குதாரர் சாமுவேல் கோல்ட்வின் பதறிப்போனார். பாதி முகத்தைக் காட்டினால் தியேட்டர்காரர்கள் பாதிப் பணம்தானே கொடுப்பார்கள்! டெமில் அசரவில்லை. இது ஓவியர் ரெம்பிராண்ட் கையாண்ட ஒளி என்று பதில் அனுப்பினார். அந்தப் பெயரைச் சொன்னதும் தியேட்டர்காரர்கள் மகிழ்ச்சியோடு கூடுதல் பணம் கொடுத்தார்கள் என்று டெமில் பிற்காலத்தில் சொல்லி மகிழ்வார்.

நம் இயக்குநர் மணிரத்னத்தின் 'நாயகன்' 1987-ல் வந்தது. பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவு. முகங்கள் பாதி நிழலில் இருக்கும். அறைகளின் மூலைகள் இருண்டிருக்கும். "மணிரத்னம் படமா, ஒரே இருட்டாக இருக்குமே" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த இருட்டுக்குத்தான் சிறந்த ஒளிப்பதிவுக்கான தேசிய விருது கிடைத்தது. ஒரு முகத்தைப் பார்த்தால் நம் பார்வை முதலில் கண்களுக்குத்தான் போகும். அங்கே நிழலைப் போட்டால், 'இவர் என்ன நினைக்கிறார்?' என்று நாம் தேட ஆரம்பிக்கிறோம். இருண்ட திரையில் ஒரே ஓர் இடம் ஒளிர்ந்தால், அரங்கில் இருக்கும் அத்தனை பேரின் கண்ணும் அங்கேயே போய் நிற்கும். எங்கே பார்க்க வேண்டும் என்று ஒளிப்பதிவாளர் வாய் திறக்காமல் சொல்லிவிடுகிறார்.

இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் 1975-ல் 'பாரி லிண்டன்' படத்துக்காக இன்னும் ஒரு படி மேலே போனார். கதை நடப்பது மின்விளக்கு இல்லாத 18-ம் நூற்றாண்டு. சில இரவுக் காட்சிகளை மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே எடுக்க நினைத்தார். சாதாரண லென்ஸுக்கு அந்த ஒளி போதாது. ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் நாசாவுக்காகச் செய்திருந்த, மிக அகலமான வாய் கொண்ட லென்ஸை வாங்கிப் பொருத்தினார். ஒளி கிடைத்தது, ஆனால் வேறொரு சங்கடம் வந்தது. லென்ஸின் வாய் அகலமாக அகலமாக, கூர்மையாகத் தெரியும் ஆழம் குறைந்துகொண்டே போகும். நடிகர் தலையைச் சிறிது முன்னே நகர்த்தினாலும் முகம் மங்கிவிடும். அதனால் நடிகர்கள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து நடித்தார்கள். ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

இருட்டு தோற்றுப்போன கதையும் உண்டு. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பெரியவர்களுக்கான தொலைக்காட்சித் தொடர். 2019 ஏப்ரலில் அதில் ஒரு பகுதி முழுக்க இரவுப் போர். 55 இரவுகள் பாடுபட்டு எடுத்தார்கள். ஒளிபரப்பானதும் உலகெங்கும் ஒரே புகார்: ஒன்றுமே தெரியவில்லை! ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், பலர் வீட்டில் தொலைக்காட்சியைச் சரியாக அமைத்துக்கொள்ளவில்லை என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. நாம் போட்ட தியேட்டர் கணக்கு வீட்டுக்கும் பொருந்தும். கூடத்தில் விளக்கு எரிந்தால் கண்ணாடிபோன்ற திரையில் ஜன்னலும் விளக்கும் பிரதிபலிக்கும், கறுப்பு சாம்பலாகும், இருட்டில் ஓடும் வீரன் அந்தச் சாம்பலுக்குள் மறைந்துவிடுவான். இன்னொரு காரணம், இணையத்தில் படம் வரும்போது அதைச் சுருக்கி அனுப்புகிறார்கள். சாதாரண டிஜிட்டல் வீடியோவில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒவ்வொரு நிறத்துக்கும் அதிகபட்சம் 256 படிகள்தான். இருட்டுக் காட்சி முழுவதும் அடியில் உள்ள சில படிகளிலேயே அடங்கிவிடுகிறது. சுருக்கும்போது அந்தச் சில படிகளிலும் நுணுக்கங்கள் கழிந்துபோகின்றன. மென்மையாக மங்க வேண்டிய வானம் பட்டை பட்டையாகத் தெரிவது அதனால்தான்.

ஆனாலும் பார்ப்பவர்கள் மேல் மட்டும் பழி போடுவதை நான் ஏற்க மாட்டேன். பெரும்பாலானவர்கள் வீட்டுக் கூடத்தில்தான் பார்ப்பார்கள் என்று தெரிந்தே எடுக்கும் படத்தை, அங்கே தெரியும்படி எடுப்பதும் கலைஞனின் வேலைதான். மித்ராவின் வெள்ளைத் துணி பார்ப்பவனின் கண்ணை நினைத்துக் கட்டப்பட்டது. குப்ரிக்கின் மெழுகுவத்திக் காட்சியிலும், எவ்வளவு மங்கலாக இருந்தாலும், யார் யாரைப் பார்க்கிறார் என்பது நமக்குத் தெரிகிறது. காட்டாமல் மறைப்பதற்கும், காட்ட நினைத்தது தெரியாமல் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

வீட்டில் இருட்டான காட்சி வந்தால் நீங்கள் செய்யக்கூடியது எளிது. திரைக்கு எதிரே உள்ள விளக்கை அணையுங்கள், ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். தொலைக்காட்சியின் பட அமைப்பில் 'விவிட்' என்று இருப்பதை 'சினிமா' அல்லது 'மூவி' என்று மாற்றுங்கள். முழு இருட்டு வேண்டாம் என்றால் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு சிறிய விளக்கு போதும். அதன் ஒளி திரையில் விழாது.

தியேட்டரில் ஒரே ஒரு காரியம்தான். படம் ஓடும்போது ஃபோனை எடுக்காதீர்கள். அதன் திரை, சினிமாத் திரையின் வெள்ளையைவிடப் பல மடங்கு பிரகாசம் தரக்கூடியது. அதைப் பார்த்த கணத்தில் உங்கள் குச்சி செல்கள் சேர்த்துவைத்த ரொடாப்சின் சிதையத் தொடங்கும். அடுத்து வரும் இருட்டுக் காட்சி உங்களுக்குச் சரியாகத் தெரியாது. பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் அதே தொல்லைதான். உள்ளே போகும்போதே அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள். அப்பா எடுத்தால் அவரிடமும் மெதுவாகச் சொல்லுங்கள்.